பட்டாளத்துக்குப் போகாதே என்று சொல்ல நாம் யார்?

போன மாதம் எங்கள் காலனி இரவுப் பள்ளியில் நடந்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ‘தலித் இளைஞர்கள் இந்திய ராணுவத்தில் சேரக்கூடாது என்று நம் இயக்கம் சேரி சேரியாகப் பிரச்சாரம் செய்யவேண்டும்.’ ஒரே வரி. கொண்டுவந்தவர் என் மதிப்புக்குரிய தோழர். இருபது வருசமாக அவரும் நானும் ஒரே வாளிப் பசையில் போஸ்டர் ஒட்டியவர்கள், ஒரே லாக்கப்பில் கொசுக்கடி பட்டவர்கள். கையைத் தூக்கச் சொன்னபோது பதினேழு பேரில் பதினோரு கைகள் மேலே போயின. என் கை போகவில்லை. ‘பட்டாளத்தான் புள்ளயாச்சே, ரத்தம் துடிக்காதா’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வரவில்லை.

தீர்மானத்தை உறுதி செய்வதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் என் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாயால் பேசினால் பாதியிலேயே கத்திவிடுவேன்.

முதலில் இந்த ‘பட்டாளத்தான் புள்ள’ என்ற கணக்கைத் தீர்த்துவிடலாம்.

என் நைனா பட்டாளத்துக்குப் போனது 1964இல். 1962இல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகு இந்திய அரசு அவசர அவசரமாகப் படையைப் பெருக்கிய காலம். எங்கள் வட ஆற்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதி சேரிக்கு வந்தபோது நைனா ஆண்டை வீட்டில் படியாள். ‘மாட்ட அவுத்து மேய வுட்டுட்டு, அப்டியே ரயிலேறிட்டான். சாயங்காலம் மாடு மட்டும் வூடு திரும்பிச்சி’ என்று ஆயா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆண்டை ஆள் அனுப்பினான். வாங்கிய நெல்லுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். ஆயா போய் அந்த இடத்தில் நின்றாள். நைனா விட்டுப் போன சாணியை ஆயா ரெண்டு வருசம் அள்ளினாள். தேச சேவை என்று மேடையில் சொல்கிறார்களே, எங்கள் வீட்டில் அது இப்படித்தான் ஆரம்பித்தது. நைனா இந்தியாவைக் காப்பாற்றப் போகவில்லை, ஆண்டையிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார்.

லீவில் வரும்போது கறுப்பு டிரங்குப் பெட்டி வரும். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில், ரேஷன் கார்டு ஆபீசில், சர்டிபிகேட்டில், எல்லா இடத்திலும் எங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்த சாதி அந்தப் பெட்டி மூடியில் மட்டும் இல்லை. அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்த பையன் நான்.

பெட்டிக்குள்ளே ஒரு எனாமல் மக்கு. பட்டாளத்தில் கொடுத்தது. எனக்கு ஏழெட்டு வயசிருக்கும். நைனா அந்த மக்கை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் டீக்கடைக்குப் போனார். அந்தக் கடையில் நம்மாட்களுக்குத் தனி கிளாஸ். கூரை வாரையில் செருகி வைத்திருப்பார்கள். நாமே எடுத்து, குடித்துவிட்டு, நாமே கழுவி, மறுபடி செருகவேண்டும். நைனா கூரைப் பக்கம் திரும்பவே இல்லை. மக்கை நீட்டினார். கடைக்காரர் ஒரு நொடி மக்கைப் பார்த்தார், நைனாவின் பூட்சைப் பார்த்தார், ஊற்றிவிட்டார். நைனா நின்றபடியே குடித்தார். திரும்பி வரும்போது என் தலையில் கை வைத்து, ‘பாத்தியாடா, ஊத்துனான் பாத்தியா’ என்றார். அன்றைக்கு என் நைனா ஏழடி உயரம்.

எனக்கு விஷயம் புரிய இன்னும் பதினைந்து வருசம் பிடித்தது. தனி கிளாஸை எதிர்த்து நாங்கள் அதே கடை முன்னால் உட்கார்ந்த நாளில்தான் உறைத்தது. நைனா உடைத்தது எதையும் இல்லை. டெல்லியிலிருந்து தன் சொந்தத் தனி கிளாஸைக் கொண்டுவந்திருந்தார், அவ்வளவுதான். கடைக்காரருக்கும் நிம்மதி, நைனாவுக்கும் நிம்மதி. கூரையில் செருகிய கிளாஸ் மட்டும் செருகியபடியே இருந்தது, பட்டாளத்துக்குப் போகாத எங்கள் சித்தப்பன்களுக்காக.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நைனா கேண்டீனில் ரம் வாங்கி வந்தால் சேதி ஊருக்குள் எப்படித்தான் போகுமோ, இருட்டினதும் ஊர்ப் பெரிய மனுசன் ரெண்டு பேர் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வருவார்கள். முன்வாசல் வழியாக வந்தால் தீட்டு. ஊற்றிக் கொடுப்பது எங்கள் வீட்டு டம்ளர், கலப்பது எங்கள் வீட்டுத் தண்ணீர். ரம்முக்குத் தீட்டில்லை. ‘என்ன பட்டாளம், எப்ப திரும்புற?’ என்று கேட்பார்கள். என் நைனாவுக்குப் பெயர் இருப்பது அவர்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

ஆகவே தோழர்களே, பட்டாளம் நம் மானத்தை மீட்டுத் தரும் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் அப்படிச் சொன்னவரும் ஒருவர் இருந்தார். ரிட்டயரான பெரியவர். கோரேகானைச் சொன்னார். 1818 ஜனவரி 1, பீமா நதிக்கரை, பேஷ்வாவின் பெரும்படைக்கு எதிரே கம்பெனிப் பட்டாளத்தின் சின்னப் படை, அதில் மகர் வீரர்கள். அந்தத் தூணில் பொறித்த 49 பெயர்களில் 22 மகர்களுடையவை. 1927 ஜனவரி 1இல் பாபாசாகேப் அங்கே போய் நின்றார். கழுத்தில் சட்டியும் இடுப்பில் துடைப்பமும் கட்டச் சொன்ன பேஷ்வா ஆட்சி ஒழிந்த இடம் என்று நம் சனங்கள் லட்சக்கணக்கில் அங்கே போகிறார்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். 2018இல் இருநூறாவது வருச நினைவுக்குப் போனவர்கள் மேல் கல்லெறிந்தார்களே, அந்தத் தூண் இன்னும் அவர்கள் கண்ணை உறுத்துகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் பெரியவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். அந்த மகர்களுக்கு வெள்ளைக்காரன் கொடுத்த பரிசு என்ன? 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பதையே நிறுத்தினான். ‘வீர சாதி’ என்று ஒரு தத்துவத்தைக் கண்டுபிடித்திருந்தான். சண்டை போடும் இரத்தம் சில சாதிக்குத்தான் ஓடுகிறதாம். பார்ப்பான் சொன்ன பழைய கதைக்கு வெள்ளைக்காரன் சீல் குத்தினான். மதராஸ் படையிலும் இதே கதைதான். அந்தப் படையில், முக்கியமாகச் சேப்பர்ஸ் பிரிவில், பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்து பிறகு இந்தியப் படைக்கே தளபதியான ராபர்ட்ஸ் துரைக்குத் தெற்கத்திச் சிப்பாய் என்றால் இளக்காரம். தெற்கே ஆள் எடுப்பதைக் குறைத்து, வடக்கே வீர சாதிகளைத் தேடிப் போனார்கள்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வாலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மனு எழுதினார். கதவு திறக்கவில்லை. முதல் உலகப்போரில் பிணம் விழ ஆரம்பித்ததும் திறந்தது. 1917இல் 111வது மகர் படை. சண்டை முடிந்ததும் 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941இல் மறுபடி மகர் ரெஜிமெண்ட். 1943இல் சமார் ரெஜிமெண்ட். கோகிமாவில் சண்டை போட்ட அந்த சமார் ரெஜிமெண்டை 1946இல் கலைத்துவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். சண்டை வந்தால் நாம் வீரர்கள், சமாதானம் வந்தால் தீண்டத்தகாதவர்கள். களத்துமேட்டில் நெல் தூற்றும்வரை கூப்பிட்டு, அளக்கும்போது தள்ளி நில் என்கிற அதே ஆண்டைப் புத்தி.

சுதந்திர இந்தியாவில் மாறிவிட்டதா? ராஜ்புத், ஜாட், டோக்ரா என்று சாதியும் இனமும் பெயர்ப்பலகையிலேயே தொங்குகிறது. சீக்கிய மதத்தில் சாதி இல்லை என்பார்கள். ஜாட் சீக்கியருக்குச் சீக்கிய ரெஜிமெண்ட், மசபி, ராம்தாசியா சீக்கியருக்குத் தனியாகச் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி. இதுவும் இரட்டை கிளாஸ்தானே? குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு ராஜ்புத், ஜாட், ஜாட் சீக்கியர் மட்டும்தான் எடுக்கப்படுகிறார்கள் என்று ராணுவமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. உயரம் ஒன்றாக இருந்தால் அணிவகுப்புக்கு அழகாம். நாட்டின் முதல் குடிமகனாகக் கே.ஆர். நாராயணன் 1997இல் வந்து உட்கார்ந்தார். அவர் வண்டிக்கு முன்னால் குதிரையில் போகும் தகுதி அவர் சாதிப் பையனுக்கு இல்லை.

பெரியவரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சரித்திரத்தில் நம் வீரம் இருக்கிறது. நமக்கு நன்றி எந்தப் பக்கத்திலும் இல்லை.

இப்போது தீர்மானம் கொண்டுவந்த தோழரிடம் வருகிறேன். அவர் மூன்று காரணம் சொன்னார். மூன்றும் வலுவானவை. வலுவில்லாத ஆளோடு நான் ஏன் சண்டைக்குப் போகிறேன்?

முதல் காரணம், இந்த ராணுவம் யார் மேல் சுடுகிறது என்பது. 1958இலிருந்து ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 4, நாகாலாந்து மோன் மாவட்டம், ஓட்டிங். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய கூலிக்காரர்கள் ஆறு பேரைப் படையினர் சுட்டுக்கொன்றார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்துவிட்டார்களாம். மாநிலப் போலீஸ் குற்றம் சாட்டியது. வழக்குத் தொடர மத்திய அரசு அனுமதி மறுத்தது. கூலி வாங்கிக்கொண்டு வண்டியில் நின்றபடி வீடு திரும்பும் ஆள் யாரைப்போல் இருப்பான்? உன்னைப்போல், என்னைப்போல் இருப்பான்.

1987ஐ நான் மறந்துவிடவில்லை. அமைதிப்படை என்று பெயர் வைத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் போனது. மகர் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாலியன் போனது. எங்கள் தெருவிலிருந்தும் ஒருவர் போனார், எனக்கு மாமா முறை. திரும்பி வந்து முப்பது வருசம் உயிரோடு இருந்தார். அங்கே என்ன நடந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. குடித்த ராத்திரிகளில் மட்டும், ‘அங்கியும் நம்ம பாஷதான்டா. அதாண்டா தாங்கல’ என்பார். அதற்குமேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். பஞ்சாப்காரனுக்கோ பீகார்காரனுக்கோ அங்கே கேட்டது வெறும் சத்தம். எங்கள் மாமனுக்கு அது வார்த்தை.

ஆகவே தோழரின் முதல் காரணத்தை மறுக்க எனக்கு வாயில்லை.

இரண்டாவது, நம் பையனைப் பட்டாளம் நம்மிடமிருந்து பிரித்துவிடுகிறது. தேசம், கொடி, பாரத் மாதா என்று அவன் தலையில் ஏற்றி அனுப்புகிறது. சேரிக்கு வந்ததும் அவனுக்குச் சேரி அசிங்கமாகத் தெரிகிறது. இதுவும் பாதி உண்மை. ஆனால் வாத்தியார் வேலைக்குப் போனவன், பேங்க் வேலைக்குப் போனவன், டவுனில் வீடு கட்டிப் பெயரை மாற்றிக்கொண்டவன், இவனெல்லாம் சேரியைத் தலையில் வைத்துக்கொண்டா ஆடுகிறான்? அவனுக்கெல்லாம் எதிராக ஏன் தீர்மானம் வரவில்லை? தாலுகா ஆபீசுக்குப் போகாதே, அது நம் நிலத்தைப் பிடுங்கிய ஆபீஸ் என்று சொல்வோமா? போலீசுக்குப் போகாதே என்று எத்தனை பேர் தைரியமாகச் சொல்வோம்? 1994இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காக நின்ற நம் இளைஞர்கள் இரண்டு பேரைச் சுட்டது போலீஸ் துப்பாக்கி. 1999இல் தாமிரபரணியில் கூலி கேட்டு வந்த கூட்டத்தைத் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டி 17 பேர் செத்ததும் போலீசால்தான். ஆனாலும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு நம் இரவுப் பள்ளியிலேயே வகுப்பு நடக்கிறது. எடுப்பவர் யார்? தீர்மானம் கொண்டுவந்த அதே தோழர்! ‘அங்க நம்மாளு ரெண்டு பேராச்சும் இருந்தா எஃப்.ஐ.ஆராவது போடுவான்’ என்று அவரே சொல்லியிருக்கிறார். சரியாகத்தான் சொன்னார். அந்த நியாயம் ஏன் வேலூர் கோட்டையோடு நின்றுவிடுகிறது?

பாபாசாகேப் என்ன செய்தார்? அவரே மோவ் கன்டோன்மென்டில், பட்டாளத்து வீட்டில் 1891இல் பிறந்தவர். அப்பா ராம்ஜி சுபேதார், ராணுவப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். பட்டாளத்துப் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவேண்டும் என்று அப்போது இருந்த விதிதான் அந்த வீட்டுக்குள் எழுத்தைக் கொண்டுவந்தது. ஊர்ப் பள்ளி நம்பியிருந்தால் அவர் கோணிப்பையோடு வெளியேதான் உட்கார்ந்திருப்பார். 1940இல் பாகிஸ்தான் பற்றி எழுதிய புத்தகத்தில், இந்தியப் படையில் எந்த வகுப்பான் எத்தனை பேர் என்று அவர் கணக்கெடுத்து வைத்தார். துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைச் சின்னக் கேள்வி என்று அவர் நினைக்கவில்லை. உலகப்போர்க் காலத்தில் நம்மவரைப் படையில் சேரச் சொன்னார். அவர் சொன்னதாலேயே இன்றைக்கும் அதுதான் வழி என்று நான் சொல்லமாட்டேன். அவர் பேசியது ஹிட்லருக்கு எதிரான போர்க்காலம். இன்றைக்குக் காலம் வேறு. ஆனால் பசித்தவனிடம் போய் ‘அந்தச் சோறு தீட்டு’ என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மூன்றாவது காரணம்தான் என்னை உலுக்குகிற காரணம். அக்னிபத். 2022 ஜூனில் அறிவித்தார்கள். பதினேழரை வயசிலிருந்து எடுப்பார்கள். பயிற்சியையும் சேர்த்து நாலு வருசம். நூறு பேரில் இருபத்தைந்து பேருக்கு மட்டும் வேலை நீடிக்கலாம். மீதி எழுபத்தைந்து பேர் வீட்டுக்கு. முதல் வருசம் மாதம் 30,000, நாலாவது வருசம் 40,000, அதில் நூற்றுக்கு முப்பது பிடித்தம். பிடித்ததோடு அரசு அதே அளவு போட்டு, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கையில் கொடுக்கும். பென்ஷன் இல்லை. கிராஜுவிட்டி இல்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நம் பிள்ளைகளை டிரெய்னி என்று எடுத்துச் சக்கையாகப் பிழிந்து அனுப்புகிறானே, அந்தக் கான்ட்ராக்ட் முறை எல்லைக்கும் போய்விட்டது.

என் நைனா செத்துப் பன்னிரண்டு வருசமாகிறது. அம்மா இன்னும் குடும்ப பென்ஷன் வாங்குகிறாள். வருசா வருசம் நவம்பரில் பேங்குக்குப் போய் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாள். ‘கவர்மெண்டு வருசத்துக்கு ஒரு தபாவாவது நான் உயிரோட கீறனான்னு கேக்குது. ஊரு எப்பனா கேட்டுச்சா?’ என்பாள். அந்தப் பென்ஷனில்தான் நான் படித்தேன், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனது, தம்பி வீடு கட்டினான். பட்டாளம் எங்களுக்குக் கொடுத்த ஒரே உருப்படியான பொருள் அந்தப் பென்ஷன்தான். மக்கு இல்லை, மெடல் இல்லை. அதையும் 2022இல் எடுத்துவிட்டார்கள். ரத்தத்தை வைத்துக்கொண்டு கூலியைக் குறைத்துவிட்டார்கள்.

அப்படியானால் தோழர் பக்கம் கையைத் தூக்கவேண்டியதுதானே என்பீர்கள். தூக்கவிடாமல் தடுத்தவன் என் தம்பி மகன்.

அவனுக்குப் பத்தொன்பது வயசு. விடியற்காலம் நாலு மணிக்கு பைபாஸ் ஓரம் ஓடுகிறான். 1,600 மீட்டரை அஞ்சரை நிமிசத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க்காம். இவனுக்கு இன்னும் ஆறு செகண்ட் குறையவேண்டும். கூடவே எங்கள் காலனிப் பையன்கள் நாலு பேர். கூட்டம் முடிந்த மறுநாள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தோழர் சொன்ன மூன்று காரணத்தையும் நானே சொன்னேன். ஓட்டிங்கைச் சொன்னேன். யாழ்ப்பாணத்தைச் சொன்னேன். நாலு வருசக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான்:

‘எல்லாம் சரி பெரீப்பா. போவாதன்னா போவல. வேற எங்க போவட்டும், அத்தச் சொல்லு.’

வாயைத் திறந்தேன். ஷூ கம்பெனியா? அங்கே அவன் அம்மா பத்து வருசமாக இருக்கிறாள், அவள் இருமல் அவனுக்குத் தெரியும். பெங்களூர் சென்ட்ரிங் வேலையா? அவன் அண்ணன் அங்கேதான் சாரத்திலிருந்து விழுந்தான். பி.ஏ. முடித்த அவன் சித்தி மகன் பைக்கில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகிறான். நிலம்? 1892இல் பஞ்சமருக்கென்று ஒதுக்கிய நிலம் ஏறக்குறைய 12 லட்சம் ஏக்கர் என்று நாம் மேடைதோறும் சொல்கிறோம். எங்கள் ஊரில் ஒரு சென்ட்கூட நம் கையில் இல்லை. என் வாய் திறந்தபடியே இருந்தது. அவன் எழுந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

தோழரே, உங்கள் தீர்மானத்தில் அவன் கேட்ட கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதிச் சேருங்கள். ரெண்டு கையையும் தூக்குகிறேன்.

பதில் இல்லாமல் ‘போகாதே’ என்று மட்டும் சொன்னால் அதன் அர்த்தம் என்ன தெரியுமா? இங்கேயே இரு என்பது. இங்கே இருந்து என்ன செய்ய? மனிதர் மலம் அள்ளத் தடை என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். இன்றைக்கும் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் நம்மாள். எல்லையில் செத்தால் பெட்டி மேல் கொடியாவது போர்த்துவார்கள். குழியில் செத்தவனைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். சேரிப் பையனுக்குக் கிடைக்கிற ரெண்டு மூன்று வெளிவாசலில் ஒன்றை, அது எவ்வளவு கேடுகெட்ட வாசலாக இருந்தாலும், உள்ளே உட்கார்ந்துகொண்டு நாம் சாத்தக்கூடாது. நமக்கு அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் நானும் நீங்களும் கை தூக்கி முடிவு செய்ய, ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் ஒருவன்கூட அந்தக் கூட்டத்தில் இல்லையே, கவனித்தீர்களா? சேரியைப் பற்றி ஊர்ப் பஞ்சாயத்து கூடி முடிவெடுத்ததற்கும் இதற்கும் எத்தனை தூரம்?

அதேசமயம் கொடியைப் பற்றிப் பெரியவரிடம் இன்னொரு வார்த்தை. 2016 ஜூனில் காஷ்மீர் பாம்போரில் கொல்லப்பட்ட சி.ஆர்.பி.எஃப்.காரர்கள் எட்டு பேரில் ஒருவர் உத்தரப்பிரதேசம் ஃபிரோசாபாத் மாவட்டத்துக்காரர், நட் சாதி. கொடி போர்த்திய உடம்பு கிராமத்துக்கு வந்தது. பொது நிலத்தில் எரிக்கக்கூடாது என்றார்கள் மேல்சாதிக்காரர்கள். அதிகாரிகள் வந்து மணிக்கணக்கில் பேசி, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். மணிப்பூரில் 2023 மே 4ஆம் தேதி ஆடை உருவி ஊர்வலம் விடப்பட்ட பழங்குடிப் பெண்களில் ஒருவரின் கணவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர், கார்கிலில் சண்டை போட்டவர், இலங்கைக்கும் அனுப்பப்பட்டவர். நாட்டைக் காத்தேன், என் மனைவியைக் காக்க முடியவில்லை என்று சொல்லி அழுதார். இதைவிட எந்தப் புத்தகம் நமக்குப் பாடம் சொல்லவேண்டும்? நாட்டுக்காகச் செத்தாலும் ஊர் நம்மை ஏற்காது. ஊரைத் திருத்தும் வேலை பட்டாளத்தில் இல்லை. அது இங்கே, டீக்கடை வாசலில் கிடக்கிறது.

ஆகவே பழைய தீர்மானத்துக்குப் பதிலாக நான் ஒன்று வைக்கிறேன்.

பட்டாளத்துக்குப் போகாதே என்று எந்தப் பையன் வாசலிலும் போய் நிற்கமாட்டோம். போ என்று தாரை தப்பட்டை அடித்து அனுப்பவும் மாட்டோம்.

ஓடுகிற பையன்களை அடுத்த கூட்டத்துக்கு அழைப்போம். நாலு வருசம், நூற்றுக்கு இருபத்தைந்து, பென்ஷன் இல்லை என்ற கணக்கை விண்ணப்பம் போடும் முன்பே கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். கோரேகானைச் சொல்லும்போது 1921ஐயும் 1946ஐயும் சேர்த்துச் சொல்வோம். ஓட்டிங்கைச் சொல்வோம். தெரிந்து போகட்டும்.

அக்னிபத்தை ஒழி, பென்ஷனைக் கொடு, படையிலும் இட ஒதுக்கீடு வை, சாதிப் பெயரில் ரெஜிமெண்ட் எதற்கு என்று நாம்தான் தெருவில் இறங்கவேண்டும். அறிவித்த அந்த வாரமே பையன்கள் ஊர் ஊராக எழுந்தார்கள். செகந்திராபாத் ஸ்டேஷனில் ஒரு இளைஞன் ரயில்வே போலீஸ் குண்டுக்குச் செத்தான். அன்றைக்கு நாம் எங்கே இருந்தோம்? ஒரு கண்டனப் போஸ்டர்கூட ஒட்டவில்லை. அன்றைக்கு ஒட்டாத நாம் இன்றைக்குப் போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

நாலு வருசம் கழித்துத் திரும்பி வரப்போகிற எழுபத்தைந்து பேரை நாம் முதலில் போய்ப் பார்க்கவேண்டும். பயிற்சி பெற்ற, வேலை இல்லாத, கோபம் கொண்ட பையன்களுக்காக வேறு ஆட்கள் ஏற்கெனவே காவிக் கொடியோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறார்கள்.

பஞ்சமி நிலப் போராட்டத்தை மேடைப் பேச்சிலிருந்து இறக்கி, எங்கள் தாலுகாவிலேயே சர்வே நம்பரோடு ஆரம்பிக்கவேண்டும். தம்பி மகன் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. அது வர நாளாகும். அதுவரைக்கும் அவன் ஓடுவான். ஓடுகிறவன் காலைப் பிடித்து இழுக்க என்னால் முடியாது.

அவன் தேர்வாகிப் போனால் அவனிடம் ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். உன் துப்பாக்கிக்கு எதிரே ஒருவனை நிறுத்தி, இவன்தான் எதிரி என்று சொல்வார்கள். அப்போது அவன் காலைப் பார். செருப்பில்லாத காலாக இருந்தால், கூலிக்குப் போய்த் திரும்பும் காலாக இருந்தால், உன் ஆயா சாணி அள்ளியதை ஒரு நொடி நினைத்துக்கொள்.

நைனாவின் மக்கு இன்னும் வீட்டில் இருக்கிறது. எனாமல் பெயர்ந்துவிட்டது. ஒருநாள் அவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துட்டுப் போறியாடா என்றேன். ‘வேணாம் பெரீப்பா. கடையில இருக்கிற கிளாஸ்லியே குடிச்சிக்கிறேன்’ என்றான். அவனுக்கு அந்தப் பேச்சு வந்தது நாம் கடை முன்னால் உட்கார்ந்ததால். பட்டாளம் கற்றுக்கொடுத்தது இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். போகாதே என்பதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், தோழரே.